காகத்துக்கு ஒரு பிடி!

"ஐயோ...ஓ...!"

மருதனார்மடச் சந்தையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்த அலறல்.

அலறியவள் குணலட்சுமி. வல்வெட்டித்துறைக்காரி. மருத்துவ மாணவி.

சந்தைக்குப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தின் சாப்பாட்டு அறை. அவள் காலடியில் தில்லைநாதன் வில்லாக வளைந்து கிடந்தான். குதிக்காலும் பின்தலையும் மட்டுமே நிலத்தில் பட்டன. தாடை இறுகியிருந்தது.

மூச்சு இல்லை!

இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழக விடுமுறையில் ஆறு வார ஆராய்ச்சிப் பயிற்சிக்கு வந்த இரண்டு பேரில் ஒருவன். மற்றவள் இவள்.

எட்டிக்கொட்டையில் இருந்து நஞ்சைப் பிரித்தெடுப்பது, தவளைக்கு ஏற்றுவது, வலிப்பு இழுப்பை அளந்து கொப்பியில் எழுதுவது... இதுதான் பயிற்சி. முடிவில் கெட்டிக்காரருக்கு லண்டனில் மேற்படிப்பு.

ஒரே ஓர் இடம்!

அரை மணி நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தம்பிராசா இறங்கினார். ஆடி அமாவாசை விரதக்காரர். விடியக் கீரிமலையில் முழுகியவர் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகுமாம். இவரிடம் முதலில் பறப்பது மரியாதை!

"எப்பிடி ஐசே செத்தவன்?"

"எட்டி நஞ்சு," என்றார் டொக்டர் சீவரத்தினம். நிலையத்தின் தலைவர். கொழும்பில் இருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம். "இழுப்பைப் பாத்தாலே தெரியும். பூட்டின அலுமாரியிலை போத்தில் அரைவாசி காலி. திறப்பு ரெண்டே ரெண்டு. ஒண்டு என்னட்டை. மற்றது..."

விரல் குணலட்சுமியின் பக்கம் நீண்டது.

"டொக்டர்! நான் ஏன்...?"

"லண்டனுக்கு! உன்னைவிட அவன் கெட்டிக்காரன் எண்டு நேற்றுத்தானே சொன்னன்? மோர் கரைச்சுக் குடுத்தது ஆர்?"

"நான்தான்... ஆனா..."

"கேட்டியளே இன்ஸ்பெக்டர்! கடற்கரைப் பெட்டையளை எடுக்காதையுங்கோ எண்டு அண்டைக்கே சொன்னவை. நான் கேக்கேல்லை."

சொல்லுகிற வாய்க்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. குணலட்சுமிக்கு உடம்பு பற்றி எரிந்தது. கடல் கொண்டுபோன தகப்பனுக்குப் பிறகு, அவள் டொக்டராகி வருவாள் என்றே அந்த வீடு உயிர் வைத்திருக்கிறது. இப்போது தூக்குக்கயிறு கண்ணுக்குள் ஆடியது.

தம்பிராசா சமையல்காரி சிவக்கொழுந்தின் பக்கம் திரும்பினார்.

"என்ன சமைச்சனி?"

"தில்லைநாதன் தேப்பன் இல்லாத பிள்ளை, விரதம் ஐயா. அஞ்சு கறி. காத்தோட்டிக்காயும் வைச்சனான்."

ஆடி அமாவாசைக்கு, தகப்பனை இழந்த ஆண்பிள்ளைகள் மட்டும் தின்கிற காய் அது. வாயில் வைத்தால் பிடரி வரைக்கும் கசக்கும்!

தம்பிராசாவின் புருவம் உயர்ந்தது. "எட்டியும் கசக்கும்! கறிக்குள்ளை கலந்தால் ஆருக்குத் தெரியும்?"

"சந்தர்ப்பமே இல்லை!" டொக்டர் குறுக்கே விழுந்தார். "அதே சட்டியிலை நானும் போட்டுச் சாப்பிட்டன். எனக்கென்ன நடந்தது?"

"உங்களுக்கும் தேப்பன் இல்லையோ?"

டொக்டரின் கண் சிவக்கொழுந்திடம் ஓடித் திரும்பியது.

"இ... இல்லை. நானும் விரதந்தான்."

"கொழுந்து, இவர் சாப்பிட்டவரோ?"

"குசினிக்கை வந்து சட்டியைத் திறந்தவர். தன்ரை அறையிலை சாப்பிட்டாராம். பிறகு சட்டியை உடனை கழுவச் சொன்னவர்... கழுவிட்டன்."

"பிறகென்ன? மோர்தான்!" என்றார் டொக்டர். "அதை அவன் மட்டுந்தான் குடிச்சவன்."

தம்பிராசா பெருமூச்சு விட்டார். "நட பிள்ளை, ஜீப்புக்கு!"

குணலட்சுமி நடந்தாள். வாசலில்... சட்டென்று நின்றாள்!

"கொழுந்தக்கா! தில்லைநாதன் காகத்துக்கு வைச்சவரோ?"

"வைக்காமல் வாயிலை வைப்பானோ? எல்லாக் கறியும் சேத்து, முதல் பிடி மதிலிலை வைச்சுக் கூப்பிட்டவன்."

"மோர்?"

"காகத்துக்கு ஆரடி மோர் விடுறது!"

குணலட்சுமி பின்பக்கம் ஓடினாள். பின்னால் பொலிஸ். கடைசியாக டொக்டர், முகம் வெளிறிப்போய்.

மதிலின் கீழே, முருங்கை மரத்தடியில்...

ஒரு காகம்!

சிறகு விரிந்து, கால் விறைத்து, தலை முதுகோடு வளைந்து கிடந்தது. தில்லைநாதனைப் போலவே!

"காகம் மோர் குடிக்கேல்லை." தம்பிராசா மெதுவாகத் திரும்பினார். "கறி திண்டது, செத்துது. நீங்களும் அதே கறி திண்டனீங்கள் டொக்டர். ஏன் இன்னும் நிக்கிறியள்?"

"நேற்று இவருக்கும் தில்லைநாதனுக்கும் சண்டை!" குணலட்சுமி வெடித்தாள். பயத்தில் அடைத்திருந்த வாய் இப்போதுதான் திறந்தது. "நஞ்சு ஏத்தாத தவளைக்கும் டொக்டர் முடிவு எழுதினவராம். எல்லாம் பொய்க் கணக்காம். கொழும்புக்குக் கடிதம் போடுறன் எண்டு தில்லைநாதன் முகத்துக்கு நேரை சொன்னவர். பாவி... அதுக்காக ஒரு உயிரையோ!"

டொக்டர் சிரித்தார். அந்த ஆளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது!

"ஊரிலை எத்தினை காகம் எலிப் பாஷாணம் திண்டு சாகுது? நான் சாப்பிட்டன் எண்டால் சாப்பிட்டனான்தான். என்ரை அப்பாவுக்கு நான் பிடிச்ச விரதம். இல்லையெண்டு நிரூபியுங்கோ பாப்பம்!"

தம்பிராசா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சட்டி கழுவியாயிற்று. சாட்சி இல்லை.

ட்ரிங்... ட்ரிங்...!

உள்ளே டெலிபோன்!

டொக்டர் பாய்ந்தார். தம்பிராசா அவரை முந்தினார்.

"ஹலோ..."

மறுமுனையில் நடுங்கும் கிழட்டுக் குரல்.

"தம்பி, சீவரத்தினம் நிக்கிறானோ? நான் அவன்ரை அப்பா, அச்சுவேலியிலை இருந்து கதைக்கிறன். வீட்டை வந்துதான் சாப்பிடுவன் எண்டவன், இன்னும் காணேல்லை. நான் என்ரை விரதத்தை முடிச்சிட்டன். அவன் பசி கிடக்கப் போறான்..."

தம்பிராசாவுக்குப் பசி பறந்தே போயிற்று! இடது கையால் விலங்கை எடுத்தார். வலது கையால் ரிசீவரை நீட்டினார்.

"இந்தாங்கோ டொக்டர், கதையுங்கோ. நீங்கள் காத்தோட்டிக்காய் திண்டு விரதம் பிடிச்ச தேப்பன் லைனிலை நிக்கிறார்!"