இன்னாசி கழுவிய பாட்டில்

இடுப்புக் கயிறு இறுகியதும் செலின் பாறை விளிம்பிலிருந்து காலைக் கீழே விட்டாள்.

பண்ணைக்காடு ஊருக்குக் கீழே, காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்தப் பள்ளம் கிடந்தது. அடியில் ஓடை இரைந்தது. போன வார மழையில் மண் சரிந்து பழைய தடம் அழிந்துவிட்டது. இனி குகைக்கு இந்த ஒரு வழிதான் என்று இன்னாசி சொல்லியிருந்தான்.

இன்னாசி அவளுடைய தம்பி. அப்படி ஒருவன் இருப்பது அவளுக்குச் சமீபத்தில்தான் தெரியும். அப்பா அந்துவான் புதுச்சேரியை விட்டு இந்த மலைக்கு எஸ்டேட் வேலைக்கு வந்தபோது செலினுக்கு ஆறு வயது. அவர் திரும்பவே இல்லை. இங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டது. “நீ பொறந்த வருஷத்தைக்கூட அவர் மறந்திருப்பார்” என்று அம்மா கடைசிவரை சொன்னாள். அம்மாவும் போனபின் வீட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் புழங்கின. பேச ஆளில்லாமல் செலின் சில நாள் ரேடியோவைத் தூங்கும்போதுகூட அணைப்பதில்லை.

அப்போதுதான் இன்னாசியின் போன் வந்தது. அப்பா இறந்து சில வருஷமாகிறது என்றான். குகையில் அவர் வைத்திருக்கும் பிரெஞ்சு ஒயின் அக்காவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா, அதாவது செலினின் அம்மா, இருக்கும்வரை கூப்பிடக்கூடாது என்பதும் அவர் வார்த்தை.

செலின் நம்பவில்லை. சாகும்போது யாரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். ஆனால் பாட்டில் பொய் சொல்லாது. குழந்தை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கிப் படுக்கவைத்து, பிள்ளை வளர்ந்தபின் திறப்பது பிரெஞ்சுக்காரர் வழக்கம். பிரெஞ்சுப் படையில் இருந்த அந்துவானுக்கு அது தெரியும். லேபிளில் 1982 என்றிருந்தால் அவர் மகளை நினைத்தார். 1990 என்றிருந்தால் அது இன்னாசி பிறந்த வருஷம்.

“ரெண்டுமே பிரான்ஸ் போர்தோ ஒயினுக்குப் பொன்னான வருஷம். எதுவா இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்” என்றார் ரகோத்தமன். சென்னையில் குளிரூட்டிய அறை நிறைய பழைய ஒயின்களைச் சேர்த்து வைத்திருப்பவர். பிரெஞ்சு ஏலத் தாள்களை அவருக்கு மொழிபெயர்த்துத் தருபவள் செலின். அந்தப் பழக்கத்தில், பாட்டிலை வாங்கும் ஆசையோடு கூடவே வந்துவிட்டார்.

ஓடைக்கரையில் இன்னாசி அவரை நிறுத்தினான். மேலே பாறை மடிப்பில் மலைத்தேனீக்கள் கறுப்பாக அடை கட்டியிருந்தன.

“சார், இந்த சென்ட்டோட அடியில போனீங்கன்னா, ஒங்களத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும். எறங்கிக் குளிங்க.”

ரகோத்தமன் முனகிக்கொண்டே குளிர்ந்த ஓடையில் இறங்கி, இன்னாசி கொடுத்த அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மூவரும் மூச்சடக்கித் தேனடைகளைக் கடந்தார்கள். ஓடையின் நடுவே வழுக்குப்பாறையில் செலின் கால் தவறி இடுப்புவரை நீரில் போனாள். இன்னாசி கயிற்றைச் சுண்டி இழுத்துக் கரையேற்றினான்.

குகை வாயைச் சரிந்த கற்கள் பாதி மூடியிருந்தன. இன்னாசியின் தோள் நுழையவில்லை. செலின் தனியாக ஊர்ந்து போனாள்.

உள்ளே குளிர்ச்சி எலும்பைத் தொட்டது. புதுச்சேரி வெயிலில் கெட்டுவிடும் ஒயினுக்கு அப்பா தேர்ந்தெடுத்த இடம். டார்ச் வெளிச்சத்தில் பாறைப் பிளவு ஒன்று தெரிந்தது. அதில் மரப்பலகை போட்டு, பாட்டில் உருளாமல் பள்ளம் செதுக்கியிருந்தார். எத்தனை முறை அவர் இங்கே தனியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தோதான கல் இருந்தது. ஒரு ஆளுக்கு மட்டும்.

மேலிருந்து விழுந்த கற்களில் மற்ற பாட்டில்கள் நொறுங்கியிருந்தன. ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. அதைத் திருப்பினாள்.

லேபிள் இல்லை. கண்ணாடி பளபளவென்று இருந்தது.

வெளியே வந்து காட்டியதும் ரகோத்தமன் தலையில் கைவைத்தார். இன்னாசிக்கு எதுவும் புரியவில்லை. கல்லறைத் திருநாள்தோறும் அப்பாவின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்தபின், இங்கே வந்து இவற்றையும் கழுவுவான். பூஞ்சை பிடித்து இற்றுப்போன காகிதத்தை முதல் வருஷமே சுரண்டி எடுத்துவிட்டான்.

“என்ன எழுதியிருந்துச்சு?” என்றாள் செலின்.

“எனக்கு எங்க பிரெஞ்சு தெரியும், அக்கா. நம்பர்கூடத் தெரியாம அழுக்கா இருந்துச்சு. அக்கா சாமானாச்சே, சுத்தமாக் குடுக்கணும்னு...” அவன் முகம் சுருங்கியது.

வருஷம் தக்கையிலும் பொறித்திருக்கும் என்றார் ரகோத்தமன். ஆனால் பாட்டில் கழுத்தைச் சுற்றிய ஈயத்தகடும் கரும்பச்சைக் கண்ணாடியும் அதை மறைத்திருந்தன. படிக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும்.

“திறந்துட்டா இது வெறும் பானம், செலின். அப்படியே குடுங்க. லேபிள் இல்லேன்னாலும் நான் காலத்துக்கும் பத்திரமா வெச்சிருப்பேன்.”

“பத்திரமாத்தான் இருந்தது சார், இவ்வளவு நாளும்” என்றாள் செலின். “திறங்க.”

அவர் பையிலிருந்து பழைய தக்கைகளை எடுக்கும் இரட்டைத் தகட்டுக் கருவியை எடுத்தார். அது கடை உறையோடு இருந்தது. இதுவரை ஒரு பாட்டிலைக்கூட அவர் திறந்ததில்லை. ஈயத்தை உரித்துவிட்டு, கருவியின் தகடுகளைத் தக்கையின் இருபுறமும் மெல்லச் செருகினார். தக்கையின் ஓரம் உதிர்ந்தது. செலின் கண்ணை மூடிக்கொண்டாள். முழுதும் பொடிந்துவிட்டால் கேட்கக்கூட இனி யாருமில்லை. ரகோத்தமன் மூச்சை விடாமல் திருகித் திருகி இழுத்தார்.

வந்துவிட்டது. ஈரத்தில் சிவந்து ஊறியிருந்த தக்கையை அவள் சட்டை நுனியில் துடைத்தாள்.

1982.

செலின் தக்கையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகுதான் இன்னாசியின் நினைப்பு வந்தது. அவன் சற்றுத் தள்ளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“ஒனக்கு வாங்கலியா அப்பா?”

“இல்லக்கா. எனக்குத்தான் அவரே இருந்தாரே.” அவன் நிமிரவில்லை.

ஃப்ளாஸ்க் மூடியில் முதலில் அவனுக்குத்தான் ஊற்றினாள். முகத்தைச் சுளித்தான், ஆனால் முழுசாகக் குடித்தான். அடுத்து ரகோத்தமன். மழை நனைத்த சருகும் பழைய மரப்பெட்டியுமாக ஒரு வாசனை எழுந்தது. வாயில் வைத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியாகச் செலின் குடித்தாள். அப்பா இதைச் சுவைத்ததே இல்லை என்று அப்போது தோன்றியது.

மிச்சமிருந்ததை இன்னாசியின் மனைவிக்கென்று எடுத்துவந்தார்கள். ஏற்றத்தில் ரகோத்தமன், ஊருக்குப் போனதும் எந்தப் பாட்டிலை முதலில் திறப்பது, யாரைக் கூப்பிடுவது என்று வாய்விட்டு யோசித்தார். கூப்பிட ஒரு பெயரும் சட்டென்று வரவில்லை. தன்னைக் கூப்பிடச் சொன்னாள் செலின். வைத்துப் பூட்டிய பிரியம் எவருக்கும் போய்ச் சேராது என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

மேட்டில் இன்னாசியின் வீட்டு விளக்கு தெரிந்தது. அவன் மனைவி வாசலுக்கு வந்து, சோறு மூணு பேருக்கா நாலு பேருக்கா என்று சத்தமாகக் கேட்டாள்.

“நாலு பேருக்கு” என்று கீழிருந்தே குரல் கொடுத்தாள் செலின்.