பச்சைக் குறி

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, கொட்டுகிற மழையில், ஸ்ரீநாத் லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலைக்கு வந்து சேர்ந்தான். கீழே சாகுல் ஹமீதின் மளிகைக் கடை. மேலே அவன் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம்.

“லீவு நாள்லயுமா தம்பி? நனைஞ்சிருக்கீங்களே. டீ குடிச்சிட்டு ஏறுங்க.”

“அப்புறம் வரேன் பாய்.”

அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறினான். பழைய மரப்படிகள் ஈரத்தில் முனகின. மாடியில் ஒரே ஓர் அறையில் விளக்கெரிந்தது. மேலாளர் ரத்னவேல் காத்திருந்தார்.

“வா லா, ஸ்ரீ. நாளைக்குக் காலையில விசாரணைக்கு ஆபீசர்ஸ் வராங்க. அதுக்குள்ள அந்த ஆப்பை அழிச்சிடு. எதை எப்பக் கழட்டினோம்னு ஒரு தடயம் இருக்கக் கூடாது.”

அந்த ஆப்பை எழுதியவனே ஸ்ரீநாத்தான். செம்பவாங்கில் ஒரு தொழிலாளர் விடுதிக்காக எழுதியது. உடம்புக்கு முடியாதவர் பொத்தானை அழுத்தினால் ரத்னவேலின் கைப்பேசி அலறும். அவர் ஆளனுப்ப வேண்டும். ஆனால் ஆப்புக்குத் தானாக அலறத் தெரியாது. கிளவுடில் தனியாக இருக்கும் செய்திச் சேவையோடு அதை இணைத்து வைக்க வேண்டும். தன்னோடு எந்தெந்தச் சேவை இணைந்திருக்கிறது என்ற பட்டியலை, விழித்தெழும் ஒவ்வொரு முறையும் அது படித்துக்கொள்ளும்.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால், “தலைவலிக்கெல்லாம் அழுத்துறானுங்க லா, மூணு நாளாச்சும் நிம்மதியா இருக்கேன், கழட்டு” என்றார் ரத்னவேல். ஸ்ரீநாத் அந்தச் செய்திச் சேவையைக் கழற்றினான். சேவை இல்லையென்று ஆப் திணறி நின்றுவிடக் கூடாதே என்று அவன் ஏற்கெனவே ஒரு வழி செய்து வைத்திருந்தான். செய்தி போனாலும் போகாவிட்டாலும் திரையில் ஒரு பச்சைக் குறி தோன்றும். ‘உதவி வந்துகொண்டிருக்கிறது.’

அதைக் கப்பல் தளத்தில் வேலை செய்த வெல்டர் மாசிலாமணி நம்பினார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பண்டிகைக்காக லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்த நாள் அது. மூச்சு முட்டியபோது பதினேழு முறை அழுத்தினார். பதினேழு முறையும் பச்சை. அதனால் வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை. வருவார்கள் என்று படுத்துக் காத்திருந்தார். காத்திருந்தபடியே போய்விட்டார்.

ஸ்ரீநாத் கணினி முன் உட்கார்ந்து ஆப்பை அழித்தான். திரை வெறுமையானது.

அடுத்த நொடி அது திரும்பி வந்தது. அதன் கீழே, இணைந்த சேவை ஒன்று. அவன் உருவாக்காத சேவை.

பெயர்: மாசிலாமணி.

“என்ன லா, விளையாடுறியா?”

“நான் இல்ல சார்.”

கழற்றினான். இணைந்தது.

மறுபடி கழற்றினான். இணைந்தது.

ஏர்கான் தானாக நின்றது. மூடிய ஜன்னல்களுக்குள் கப்பல் பெயின்ட் வாடை மெல்லப் பரவியது. கூடவே துரு, வியர்வை ஊறிய சட்டை. அந்த அமைதியில் மூன்றாவதாக ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. சளி கட்டிய மூச்சு. இழுத்து, இழுத்து.

அது நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தது.

ரத்னவேலின் பின்னால் நின்றது.

பிறகு அந்த மூச்சு கேட்கவில்லை. ரத்னவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அதே போல இழுத்து இழுத்து மூச்சு விடத் தொடங்கினார்.

ஸ்ரீநாத் ஆம்புலன்ஸுக்கு அழைத்தான். மணி போகவில்லை. திரையில் ஒரு பச்சைக் குறி. ‘உதவி வந்துகொண்டிருக்கிறது.’

கதவுக்கு ஓடி, பூட்டைத் திறக்கும் அட்டையைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கதவு அசையவில்லை.

பதினேழு முறை முயன்றான்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளில் அந்த மனிதருக்கு யாருமே ஒரு பதில் சொல்லவில்லை.

“அண்ணே,” என்றான், ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து. “நீங்க கூப்பிட்டது எங்களுக்கு வரவே இல்லண்ணே. வரவிடாமப் பண்ணினது நான்தான். நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். மன்னிச்சிடுங்க.”

ரத்னவேலின் மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்துகொண்டது.

படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி, தொண்டை கிழியக் கத்தினான். சாகுல் ஹமீது தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். யார் எவர் என்று கேட்கவில்லை. ரத்னவேலை நிமிர்த்தி உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, தன் கைப்பேசியிலிருந்து ஆம்புலன்ஸை அழைத்தார். அந்த அழைப்பு போனது.

மறுநாள் ஸ்ரீநாத் அதிகாரிகளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. வேலை போயிற்று. ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. ஆனாலும், மாதக்கணக்கில் வராத தூக்கம் அன்று வந்தது.

ரத்னவேல் பிழைத்தார். ஆனால் மருத்துவமனையில் அவர் அழுத்தும் அழைப்பு மணி மட்டும் ஒலிப்பதில்லை. பொத்தானில் பச்சை விளக்கு எரியும். நர்ஸ் மேசையில் சத்தமே கேட்காது. வயரை மாற்றினார்கள், கட்டிலை மாற்றினார்கள், வார்டையே மாற்றினார்கள். ஒருமுறை மூச்சுத் திணறி நீலம் பாய்ந்து கிடந்தவரைத் தற்செயலாக வந்த துப்புரவுப் பெண்தான் பார்த்தாள். அதைக் கேட்டதிலிருந்து, கூப்பிட ஒரு வாய் வேண்டுமே என்று ஸ்ரீநாத் தினமும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஒரு நாள் பகலில், வெயில் வார்டு முழுக்க விழுந்திருந்தது.

“நிறுத்தச் சொல்லு லா அவனை,” என்றார் ரத்னவேல், கிசுகிசுப்பாக.

“நீங்க சொல்லணும் சார். மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தைதான்.”

“ஒரு வெல்டர்கிட்டயா? நானா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கின. மூச்சு இழுத்தது. விரல் பொத்தானை அழுத்தி அழுத்தித் துடித்தது. பச்சை. பச்சை. பச்சை.

“சிஸ்டர்!” என்று கத்திக்கொண்டு எழுந்தான் ஸ்ரீநாத்.

அதே நேரம், நர்ஸ் மேசையில் மணி ஒலித்தது. உரக்க, விடாமல்.

நர்ஸ் பவித்ரா ஓடி வந்தாள். ரத்னவேலிடம் வரவில்லை. யாரும் இல்லாத பக்கத்துக் கட்டிலின் முன்னால் போய்த் திகைத்து நின்றாள்.

“இங்கேருந்துதான் பெல் வந்துச்சு. யார் அழுத்துனா?”

வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதிலிருந்து அதே கப்பல் பெயின்ட் வாடை வந்தது. தலையணை மட்டும், நடுவில், மெதுவாக உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது.