ஒயருக்குள் புகுந்த இரைச்சல்

“இது மைக் ஒயரா, தேனீக் கூடா? உம்முன்னு ஒரே இரைச்சல்!”

மழையில் நனைந்தபடியே வந்தவள் ஒயரை மேஜை மேல் போட்டாள். கடைக்காரன் நிமிர்ந்தான். அடடா, என்ன கண்கள்... திட்ட வந்தவளுக்கு அடுத்த வார்த்தையே மறந்துபோனது.

அவன் ஒயரை மாட்டி, ஹெட்போனை நீட்டினான். இரைச்சலே இல்லை!

“ஒயர் நல்லாத்தாங்க இருக்கு. வீட்டுல எப்படி மாட்டியிருக்கீங்க?”

“எனக்கு மாட்டத் தெரியலைங்கிறீங்களா?” விருட்டென்று வெளியேறினாள்.

அந்த வீம்பு தெருமுனை வரைதான் தாங்கியது. நாளை மறுநாள் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரலே இருக்காதாம். ஒரு வாரமாக அவள் குரலைப் பதிவு செய்ததில் அம்மாவைவிட இரைச்சல்தான் அதிகம். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

“கொஞ்சம்... வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமாங்க? எங்க அம்மா குரலுக்காக...”

முழுதும் கேட்டவன் மறுபேச்சில்லாமல் கடையைப் பூட்டினான்.

இவளோ ஒழுங்குக்குப் பேர்போனவள். வீட்டில் மைக் ஒயரையும் கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரையும் சேர்த்துச் சடையாகவே பின்னி வைத்திருந்தாள்! அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“பார்க்க அழகுதான். ஆனா கரண்ட் ஒயரை ஒட்டிக்கிட்டு ஓடினா, அதோட இரைச்சல் மைக்குக்குள்ள வந்துடுங்க.”

ஒவ்வொரு பின்னலாகப் பிரித்து, இரண்டையும் தள்ளித் தள்ளிப் போட்டான். அம்மா மைக் முன்னால் உட்கார்ந்து, “கண்ணம்மா...” என்றாள். ஹெட்போனில் அந்த மூச்சுகூடக் கேட்டது. மகள் பொலபொலவென்று அழுதபடி முகம் கழுவ ஓடினாள். திரும்பி வருவதற்குள் அவன் கிளம்பியிருந்தான்.

அம்மா அன்று முழுக்கப் பேசித் தீர்த்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே அமர்ந்து, மகள் பதிவை முதலிலிருந்து கேட்டாள். அவள் முகம் கழுவப் போனபோதும் மைக் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

“தம்பி, எம் பொண்ணு கொஞ்சம் கோவக்காரி.”

“பார்த்தேங்கம்மா.”

“பிடிச்சிருக்கா?”

பையை மூடும் சத்தம்...

“ரொம்ப. ஆனா உதவி செய்ய வந்த இடத்துல அதைச் சொல்றது முறையில்லைங்க.”

அவள் திகைத்து நிமிர்ந்தாள். தொண்டைக் கட்டோடு படுத்திருந்த அம்மா, ‘போயேன்’ என்று கண்ணாலேயே வாசலைக் காட்டினாள்.

கடைக்குப் போய், நேராக அவன் மேஜை முன் நின்றாள்.

“எங்க அம்மா குரலை எனக்குக் கொடுத்திருக்கீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை... அப்புறம், நீங்க ரெண்டு பேரும் பேசினதையும் கேட்டேன்.”

அவன் முகம் சிவந்தது. “அது... அதுவும் பதிவாயிடுச்சா?”

“ம்... அம்மா என்கிட்ட மட்டும் கேட்கலை. கேட்டிருந்தா, நானும் ‘ரொம்ப’ன்னுதான் சொல்லியிருப்பேன்.”