புகைபிடிக்காதவர்களுக்கான அறை

கூரையில் இருந்த ஸ்மோக் டிடெக்டருக்கு யாரோ தொப்பி மாட்டியிருந்தார்கள்.

ஷெர்லி முதலில் சிரித்துவிட்டாள். குளிக்கும்போது முடி நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி, ஹோட்டல் பாத்ரூமில் சோப்போடு சேர்த்து வைத்திருப்பார்களே, அதேதான். அலாரம் அடிக்காமல் திருட்டுத் தம் அடிப்பவர்கள் செய்கிற வேலை. முன்பு தங்கிய எவனோ ஒரு கில்லாடி கழற்ற மறந்துவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் அன்று காலை கட்டிலில் மல்லாந்து கிடந்து ஆரோனோடு போனில் கொஞ்சிக்கொண்டிருந்தபோது அந்த டிடெக்டரின் சிவப்புப் பொட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். அப்போது தொப்பி இல்லை. கூரையோ இரண்டு ஆள் உயரம்.

நாளை காலை செகந்திராபாத் கோயிலில் ஆரோனுக்கும் அவளுக்கும் கல்யாணம். விருந்து ஷாமீர்பேட்டை பக்கம் இந்த ரிசார்ட்டில் என்பதால் இரண்டு குடும்பமும் முந்தைய நாளே வந்து இறங்கியாயிற்று. அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஈர மெஹந்தி. பெரியப்பா மகள் ஆனி எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தொட்டு வைத்துவிட்டு, "காயற வரைக்கும் எதையும் தொடாத. கதவைத் திறக்கறதுகூட நக்கோ, வேணாம், நான் வந்து திறக்கறேன்" என்று சொல்லிப் புல்வெளிப் பக்கம் ஓடிவிட்டாள். அவள் போன பிறகுதான் ஷெர்லி அண்ணாந்து பார்த்தாள். அதன் பிறகுதான் அந்த வாடையும் தெரிந்தது. புதுப் புகை இல்லை. மழைநாளில் நனைந்த சட்டையோடு ஒரு பீடிக்காரர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் போல, ஈரமும் பழமையும் கலந்து தொண்டையில் ஒட்டுகிற வாடை.

கதவு தட்டப்பட்டது. "கை ஈரமா இருக்கு, நீங்களே திறந்து வாங்க" என்று கத்தினாள்.

டூட்டி மேனேஜர் இர்பான் தன் கார்டால் திறந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஏணியோடு ஓர் ஆள். இர்பானின் அம்மா வாணியம்பாடிக்காரர், அதனால் தமிழ் நன்றாகவே வரும். மூக்கை உறிஞ்சினார், கூரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"மேடம், இது நோ ஸ்மோக்கிங் ரூம். வாடை வருதுன்னு ரூம் கிளீன் பண்ற பொண்ணு சொல்லுச்சு. பத்தாயிரம் ஃபைன். பெரிய சார் பில்லுல ஏறிடும்."

பெரிய சார் என்றால் ஆரோனின் அப்பா மோசஸ். கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். மோசஸ் ஹோட்டல் பில்லை வேதம் வாசிப்பதுபோல வரிவரியாக விரல் வைத்து வாசிக்கிற மனிதர். பெண் ராத்திரி ஷிப்ட் வேலை பார்த்தவள் என்று தெரிந்தபோதே முகத்தைச் சுளித்தவர். மணப்பெண்ணின் அறையில் சிகரெட்டுக்கு அபராதம் என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போதும், தாலியை ஆசீர்வதிக்க ஆயர் வாயைத் திறப்பதற்குள் போவன்பள்ளியிலிருந்து ஏ.எஸ்.ராவ் நகர் வரை செய்தி போய்விடும்.

"நான் பிடிக்கல" என்றாள் ஷெர்லி.

"ஹவ், ஆமா மேடம். இந்த ரூம்ல தங்கினவங்க எல்லாரும் அப்படித்தான் சத்தியம் பண்ணுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கட்டிடுவாங்க. வாயே திறக்காம கட்டிட்டுப் போயிடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கேஷா குடுத்துடுங்க. பில்லுல வராது. யாருக்கும் தெரியாது."

நல்ல வழிதான். பர்ஸ் மேஜைமேலேயே இருந்தது. ஆனால் ஷெர்லிக்கு உச்சி கொதித்தது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள், அது வேறு. செய்யாத காரியத்துக்கு ஒளித்துப் பணம் கொடுத்தால் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

"ஒரு பைசா தர மாட்டேன். எதுக்குத் தரணும்? இந்தக் கையைப் பாருங்க. இதை வெச்சுக்கிட்டு ஏணி ஏறித் தொப்பி கட்டினேனா? போய் மோசஸ் அங்கிளையே கூட்டிட்டு வாங்க. அவர் முகத்தைப் பார்த்தே சொல்றேன்."

"வேணாம் மேடம்."

"கூட்டிட்டு வாங்கன்னேன்ல!"

ஏணிக்காரன் தொப்பியைக் கழற்றினான். பாத்ரூமில் இருந்த இன்னொன்றையும் இர்பான் எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். குளிர்கிறது என்று அவள் சொல்ல ஏசியையும் அணைத்தார். போகும்போது அவர் இருமிக்கொண்டே போனார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏந்திய கைகளில் ஒரு கோடுகூட அழியவில்லை. அதுதான் அவளுடைய சாட்சி, அதை அழிய விடக்கூடாது. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் புல்வெளியில் கீபோர்டு ஓய்ந்து, மைக்கில் மோசஸ் ஜெபம் செய்யும் கனத்த குரல் சொற்கள் புரியாமல் வந்துகொண்டிருந்தது. அறையில் விளக்கு மஞ்சளாக எரிந்தது, திரைச்சீலை அசையவில்லை, மெஹந்தியின் பச்சை மணத்துக்கு அடியிலிருந்து அந்தப் பழைய வாடை மறுபடியும் மெல்ல எழுந்து வந்தது. ஜெபம் முடிந்தால் வந்துவிடுவார்கள். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

மேலே ரப்பர் இறுகுகிற சத்தம் கேட்டது.

பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். டிடெக்டரைக் கவ்விக்கொண்டு தொப்பி இருந்தது. உள்ளே சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"போடா" என்றாள் உரக்க. "உனக்கெல்லாம் பயப்படற ஆளு நான் இல்ல."

பொய். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்து ஓடினால் மெஹந்தி அழியும், ஓடினவள்தான் குற்றவாளி என்றும் ஆகும்.

தொப்பி உப்பியது. பிறகு வற்றியது. மறுபடி உப்பியது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். ஏசி அணைந்திருந்தது. மின்விசிறி அந்த அறையில் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். அவள் மூச்சை விடும்போது அது உப்புகிறது. இழுக்கும்போது வற்றுகிறது.

சரி, பார்த்துவிடலாம்.

மூச்சை அடக்கினாள். தொப்பி நின்றது. பாதி உப்பியபடி, ஆடாமல். காதுக்குள் இரத்தம் இரைந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னது கேட்டது. யார் முதலில் விடுகிறோம் பார், என்று அதை முறைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. போதும் என்று மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். நெஞ்சு அசையவில்லை. வாய் திறந்திருந்தது. மூக்கு திறந்திருந்தது. மேலே அது அப்படியே நின்றது. காத்திருந்தது.

பிறகு அது வற்றியது. மெதுவாக. அவள் நெஞ்சு தானாக விரிந்தது. அவள் விரிக்கவில்லை. கசப்பாக, ஈரமாக, சூடாக ஏதோ உள்ளே இறங்கியது. அடிவரை இறங்கியது. உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

நடைவழியில் செருப்புச் சத்தம். கார்டு பீப் என்றது. கதவு திறந்தது.

வெள்ளைச் சட்டையில் மோசஸ். கக்கத்தில் வேதாகமம். பின்னால் இர்பான், கர்ச்சீப்பால் மூக்கை மூடியபடி.

"என்னம்மா ஷெர்லி? இவர் என்னமோ சொல்றார். நெசமா?"

அவள் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். ஒரு கோடு அழியவில்லை. அவர் கையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பதிலுக்காக நின்றார்.

இர்பான் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்று.

வாயை மூடிக்கொண்டு தலைகுனிவதா? அவளா?

"நான் பிடிக்கல, அங்கிள்."

ஒவ்வொரு சொல்லோடும் புகை வந்தது. நீலமாக, திரளாக, அவர் கண்ணாடிமேல் போய்ப் படிந்தது. மோசஸ் ஓர் அடி பின்வாங்கினார்.

"பிடிக்கலன்னு சொல்றேன்ல!"

இன்னும் வந்தது. அவர் முகம் மறைந்தது. கதவு மறைந்தது. அவளுக்குக் கடைசிவரை தெரிந்தது மேலே மங்கலாக எரிந்த சிவப்புப் பொட்டு மட்டும்தான். அதைச் சுற்றி அந்தத் தொப்பி சாவகாசமாக வற்றியது. அவள் நெஞ்சு அடுத்த சொல்லுக்காக நிறையத் தொடங்கியது.