ஒரு சாண்

வேலைக்கு இறங்குமுன் இஞ்ஞாசி கழுத்துச் செவுள்களை உப்புநீரால் கழுவிக்கொண்டான். எட்டு வருடத்துக்கு முன் ஒட்டவைத்தவை. இன்னும் ஓரம் எரியும். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஆழ்கடலில், அவனுக்கு நூல்பிடி வேலை. கடல்தரையில் யாரும் அணு ஆயுதம் வைக்கக் கூடாது என்பது நாடுகளின் ஒப்பந்தம். சந்தேகப்படும் பொருளின் அடியில் நைலான் நூலை விட்டு இழுப்பான். நூல் சிக்கினால் பொருள் தரையைத் தொடுகிறது, குற்றம்; வழுக்கிக்கொண்டு வந்தால் சுத்தம்.

அன்று கண்டது லாரி நீளம். மேலே மிதவை, அதிலிருந்து கம்பிவடம், வடத்தின் நுனியில் அணுகுண்டு. தரைக்கும் அதற்கும் ஒரு சாண். கூப்பிடு தூரத்தில், கடலடி ஊரான ஆழ்குடியின் கண்ணாடி வீடுகள். அதிலொன்றில் அவன் மனைவி பிரகாசி, நிறைமாதம். இந்த நிலையில் அவளைக் கரைக்கு மேலேற்றினால் அழுத்த மாற்றம் பிள்ளையைக் கொன்றுவிடும்.

“நூலு போச்சால?” காதில் பதித்த கேட்பானில் ஆய்வாளர் வேதமுத்து. மேலே படகில், வாயில் வடையோடு.

“போவுது சார். ஆனா இது குண்டு!”

“இருக்கட்டும். தரையத் தொடுதா?”

“இல்ல.”

“அப்ப சுத்தம்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போ.”

“எம் பொண்டாட்டி அங்கன இருக்கா சார்.”

“அவ தரையில இருக்கா. குண்டு தரையில இல்ல. பெறவு என்னல?”

இஞ்ஞாசிக்கு அடுத்ததுக்குப் போகக் கால் வரவில்லை. குற்றம் என்று பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குண்டைத் தரையிலிருந்து அகற்றியாக வேண்டும், சட்டம் அப்படி. உப்பளத்தில் காய்த்த கையால் குண்டின் தலையில் வடம் சுற்றியிருந்த உருளையின் பூட்டைத் தளர்த்தினான். குண்டு மெதுவாக இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது.

“சார், இப்ப நூலு சிக்குது!”

அரை மணியில் மூன்று நாடுகளின் காவல் எந்திர நண்டுகள் வந்து சூழ்ந்தன. ஒப்பந்தம் போட்ட நூற்றைம்பது வருடத்தில் முதல் மீறல்.

“தரையில் வைத்தது யார்?” என்றது ஒரு நண்டு.

“நாந்தான் இறக்குனேன். தொங்கவிட்டவன் எவன்னு கேளுங்க!”

“தொங்கவிடுவது குற்றமில்லை” என்று மரியாதையாகச் சொல்லி, அவனைக் கூண்டில் ஏற்றியது.

பிறகு சட்டப்படி குண்டைத் தரையிலிருந்து அகற்றினார்கள், ஒரு சாண் உயரத்துக்கு. வேதமுத்து அனுப்பிய புது ஆள் நூலை விட்டு இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது.

கூண்டு ஆழ்குடியைத் தாண்டியபோது உள்ளே ஒலிபெருக்கி பேசுவது கேட்டது: “மீறியவன் பிடிபட்டான். நம் கடல்தரையில் இனி அணு ஆயுதம் இல்லை.” கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் கைதட்டினார்கள். வயிற்றிலிருந்து கையை எடுத்துப் பிரகாசியும் தட்டினாள். பிடிபட்டவன் பெயரை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.