இரண்டு நாற்காலி உள்ள வீடு

நாற்காலி சூடாக இருந்தது. உட்காரப் போனவள் கையை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஆள் எழுந்துபோன இடத்தில் இருக்குமே, அந்தச் சூடு. ஆனால் அந்த நாற்காலியில் கணவர் உட்கார்வதில்லை. அவருக்கு எப்போதும் கைப்பிடி உடைந்த மற்றதுதான்.

வீட்டில் இருந்ததே இரண்டு பிரம்பு நாற்காலிகள். மூன்று மாதமாக, வேலை விட்டு வந்து குளித்ததும், அவர் இரண்டையும் சின்ன அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒன்றில் அவர், கையில் கைபேசி. எதிரே மற்றொன்று, காலியாக. அவள் சமையலறைத் தரையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வரும், தாழ்ந்து, இதமாக, அவளிடம் எந்நாளும் பேசாத பதத்தில். கூடவே ஒரு வாசனையும் வரும், கிரீஸும் ஈர இரும்பும் கலந்தது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் இந்த வாசனை வராமல் வேறெங்கே வரும் என்று இருந்துவிட்டாள். குளித்த உடம்பில் கிரீஸ் ஏது என்பது இன்றைக்குத்தான், சூடான பிரம்பில் கை இருக்கும்போது, உறைத்தது.

இணையத்தில் ஒரு குழு, மதம் கடவுள் என்று பேசுவார்கள் என ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. இதை அவள் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், கூட இருக்கும் நர்ஸிடம் சொல்லி வைத்தாள். நர்ஸ் இடுக்கிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"இன்னொருத்தின்னா முடியைப் பிடிச்சு இழுக்கலாம். கடவுள்கூட சண்டைக்குப் போனா, யார் முடியைடி பிடிப்ப?"

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, நோயாளிகள் இல்லாத மதிய நேரத்தில் தேட ஆரம்பித்தாள். ஒரு குழுவில் ஆளுக்கொரு வசனத்தை எடுத்து அடுத்தவர் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் கடைசிப் பேச்சு பல வருடங்களுக்கு முந்தையது. யாரோ 'இங்கே யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டதோடு நின்றிருந்தது. கடைசியில் கதவிடுக்கில் காதில் விழுந்த அவருடைய வாக்கியத்தையே எழுதித் தேடினாள். கிடைத்தது.

அந்தக் குழுவில் சேர ஒரு நிபந்தனை உண்டு. மனதில் உண்மையாகவே கிடக்கும் கேள்வி ஒன்றை எழுத வேண்டும். மரணத்துக்குப் பின் என்ன என்று எழுதினாள். 'இது உங்கள் கேள்வி இல்லை' என்று குழுவை நடத்துபவர் திருப்பி அனுப்பிவிட்டார். பிரார்த்தனை பலிக்குமா என்று கேட்டாள். அதுவும் திரும்பி வந்தது. ஆத்திரத்தில், 'என் கணவர் என்னிடம் பேசாததை உங்களிடம் ஏன் பேசுகிறார்?' என்று எழுதினாள். உடனே குழுவின் கதவு திறந்தது.

கணவர் எழுதியவற்றை முதலிலிருந்து படித்தாள். ஒருநாள் கரண்ட் போய், லிஃப்ட் குழிக்குள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார். கும்மிருட்டு. பக்கத்தில் யாரோ இருந்தார்களாம், மூச்சு கேட்டதாம். 'அன்றைக்கு இருட்டில் என்கூட இருந்தது யார்?' என்று கேட்டிருந்தார். கடவுள் என்றார் ஒருவர். தேவதூதர் என்றார் மற்றவர். பயத்தில் மூளை செய்த வேலை என்றார் ஒரு டாக்டர். எல்லோருக்கும் கீழே, உடனிருப்பவர் என்ற பெயரில் ஒரே ஒரு சொல்.

'நான்தான்.'

அந்தப் பெயருக்குப் படம் இல்லை. சேர்ந்த நாள் என்ற இடம் காலியாக இருந்தது. அதன்பிறகு கணவர் வேறு யாருக்கும் பதில் எழுதவில்லை. 'வந்துட்டீங்களா?' 'உக்காருங்க.' 'இன்னைக்கு சீக்கிரம் போயிடுவீங்களா?' தினமும் இதே.

இப்படி ஒரு விபத்து நேர்ந்ததை அவர் தன்னிடம் சொல்லவேயில்லை என்பதை அவள் இரண்டாவது முறை படித்தபோதுதான் கவனித்தாள். ஒருவேளை தான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோமோ என்று நினைத்து மூன்றாவது முறையும் படித்தாள். இல்லை. முகமில்லாத சக்களத்தி. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து சூடு பண்ணிவிட்டுப் போகிறவள்.

அன்று சாயங்காலம் கதவு சாத்தியதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உடனிருப்பவருக்கு எழுதினாள்.

'அவரை விட்டுவிடு. உனக்கு ஆள்தானே வேண்டும்? வருவதானால் என்னிடம் வா. ஆனால் ஒன்று, என் வீட்டில் இனி உனக்கு உட்கார இடம் கிடையாது.'

அறைக்குள் பேச்சு நின்றது. குழாயின் சொட்டு கேட்டது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியதும் அதுவரை அது முனகிக்கொண்டிருந்ததே தெரிந்தது.

கைபேசி அதிர்ந்தது.

'சரி. நிற்கிறேன்.'

கதவு திறந்தது. கணவர் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். எத்தனையோ நாளாகப் பார்க்காத முகம், தூங்கி எழுந்த குழந்தைபோலத் தெளிந்திருந்தது. ஒன்றை மேசையருகே அவளுக்கு இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். எதிரே அவரும் உட்கார்ந்தார்.

"போயிடுச்சு," என்றார். "என்னமோ தெரியல, திடீர்னு லேசா இருக்கு."

"யாரு போயிட்டா?"

"நீ பயப்படுவேன்னுதான் சொல்லல, சிட்டு." மேசைமேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குழியிலேருந்து என்கூடவே வந்துடுச்சு. மொத நாள் ராத்திரி பூரா பின்னாலயே நின்னுச்சு. நிக்க நிக்க வளருது. அப்புறம்தான் அந்தக் குழுவுல போய்க் கேட்டேன். அதுவே சொல்லுச்சு, நாற்காலி போடுன்னு. போட்டா உக்காரும். உக்காந்துட்டா ஒண்ணும் பண்ணாது. மரியாதையா பேசிட்டே இருந்தா, விடியறதுக்குள்ள போயிடும்."

அவள் கைபேசியில் கிடந்த 'நிற்கிறேன்' என்ற சொல்லை மறுபடியும் பார்த்தாள்.

கிரீஸ் வாசனை.

அவரிடமிருந்து இல்லை. அவர் மேல் சோப்பு வாசனை. இது பின்னாலிருந்து வந்தது. கழுத்துக்கு மேல். கூந்தலுக்குள்.

ஈர இரும்பு.

"ஏங்க," என்றாள். "என்னையே பாருங்க."

பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, முழுதாக, அவள் கண்ணைப் பார்த்தார். அது ஒரு கணம்தான். பார்வை அவள் கண்ணிலிருந்து நெற்றிக்கு நகர்ந்தது. நெற்றியிலிருந்து வகிட்டுக்கு. வகிட்டையும் தாண்டியது.

அவர் மெல்ல எழுந்தார். தன் நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கி, மேசையைச் சுற்றி வந்து, அவளுக்குப் பின்னால் வைத்தார்.

"உக்காருங்க," என்றார். அவளிடம் இல்லை.

பிரம்பு முனகவில்லை.

"தயவுசெஞ்சு உக்காருங்க."

பிரம்பு முனகவில்லை. லிஃப்ட் மேலே போகும்போது ஒவ்வொரு மாடியாக ஏறும் எண்ணைப் பார்த்து நிற்பவரைப்போல, அவருடைய கண்கள் அவள் தலைக்கு மேலே, இன்னும் மேலே, கூரையை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தன.