இரவல் பொறுமை

நிரஞ்சன் பள்ளிக்கூடத்தில் கையை ஓங்கிய அதே நொடியில், நாலு தெரு தள்ளிக் கல்யாண மண்டப அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா மதுவந்திக்கு வலது காதின் பின்னால் சுருக்கென்றது. அங்கே பையனின் கை தானாகத் தாழ்ந்தது. அவனுடைய வண்ணப் பென்சிலைப் பிடுங்கிய பயல் தப்பித்தான். இங்கே, மண்டபம் பேச வந்து, சாப்பாட்டுக் கூடத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்ட மாப்பிள்ளையின் அப்பா தப்பிக்கவில்லை.

"உங்க மூஞ்சிக்கு மரத்தடியே போதுமுங்க. அங்க போய் பந்தி போடுங்க" என்றாள் மதுவந்தி.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் அடக்கப் பகிர்வி இல்லாத பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். துவரம்பருப்பு அளவில் இரண்டு பொறிகள். ஒன்று பிள்ளையின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில், மற்றது பெற்றவளுக்கு. ஆத்திரம், அழுகை, பிடிவாதம் எதுவானாலும் அதை இழுத்துப் பிடிக்கும் மூளைப்பகுதி பிள்ளைகளுக்கு முற்றி வர இருபது வயதுக்கு மேல் ஆகிறது. அதுவரை யார் காத்திருப்பது? பிள்ளைக்கு ஒரு துடிப்பு எழுந்தால், அதை நிறுத்தத் தேவையான அடக்கம் பெற்றவளின் மூளையிலிருந்து போய்ச் சேரும். அந்த நேரத்துக்குப் பெற்றவளிடம் அது இருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விளம்பரத்தில் போட மறந்துவிட்டார்கள்.

அடக்கம் என்றால் நம் மொழியில் பணிவும் உண்டு, பிணத்தைப் புதைப்பதும் உண்டு. பெயர் வைத்த புண்ணியவான் எதை மனசில் வைத்திருந்தானோ.

ஆறு வயதில் நிரஞ்சன் பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடித்து வைத்தான். பகிர்வி பொருத்தினால்தான் பள்ளியில் இடம் என்று சொல்லிவிட்டார்கள். மதுவந்தி அதற்கு முன்பும் கை நீட்டுகிறவள்தான். அவள் புருஷனுக்குக் கடல் நடுவே காற்றாலையில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பையனைத் தோளில் தூக்கிச் சுற்றிவிட்டுப் போவான். கொஞ்சுவது அவன் பங்கு, அடிப்பது இவள் பங்கு. ஆனால் அப்போதெல்லாம் அடிக்கு ஓர் எல்லை இருந்தது. இரண்டு அடி விழுந்ததும் பையன் வீலென்று அலறுவான், இவளுக்கு மனசு இளகும், கை நின்றுவிடும்.

பகிர்வி வந்த பிறகு அவன் அலறவே இல்லை.

பெரியவர் கோபித்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் நிரஞ்சன் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"எங்கடா வெச்சே?"

"தெரியலீங்கம்மா."

ஓர் அறை விட்டாள். அவனுக்குள் அழுகை பொங்கியது. அவளுக்குக் காதோரம் சுருக். அழுகை அப்படியே நின்று, அவன் முகம் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது.

"திமிரப் பாரு! அடி வாங்கியும் கல்லுளிமங்கன் மாதிரி நிக்கறான்!"

இன்னும் இரண்டு விழுந்தது. இப்போது அவனுக்குத் திருப்பி அடிக்கத் தோன்றியது. அதை நிறுத்த அதிக அடக்கம் வேண்டியிருந்தது, அவ்வளவும் அவளிடமிருந்து போனது. அவள் கையில் தோசைக்கரண்டி அகப்பட்டது. அவள் அடிக்க அடிக்க அவனுக்கு ஆத்திரம், அவனுடைய ஆத்திரம் ஏற ஏற இவளிடம் பொறுமை வற்றியது, வற்ற வற்ற அடி பலமானது. நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நிறுத்துகிற சக்தி முழுவதும் பையனிடம் போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் ஆடாமல் அசையாமல் நின்று அடி வாங்கினான்.

அவன் மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் அவன் மயங்கி விழுந்த பிறகுதான் அவளுடைய பொறுமை அவளிடம் திரும்பி வந்தது. அவள் போட்ட ஓலத்தில் அந்த மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவனைப் பகிர்வி நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பொறியாளர் ஷகிலா இரண்டு பொறிகளையும் சோதித்துப் பார்த்தாள்.

"பழுது ஒண்ணுமில்லீங்க. ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது."

மதுவந்தி பையனின் பக்கம் திரும்பினாள். "ஏன் சாமி நீ அழுகலே? அழுதிருந்தா அம்மா நிறுத்தியிருப்பனே."

"அழுகோணும்னுதான் இருந்துச்சுங்கம்மா. வரலீங்க."

அவன் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். மதுவந்தி ஷகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துருங்க. இப்பவே எடுத்துருங்க" என்றாள்.

"எடுத்துரலாங்க. ஆனா இத்தனை வருசமா அவன் தன்னோட அடக்கத்தை வெச்சு ஒரு வேலையும் செய்யலை. உடம்புக்குத்தான் பதினொரு வயசு. அடக்கத்துக்கு இன்னும் ஆறுதான்."

"அதை நான் பார்த்துக்கறனுங்க."

"உங்களோடது ரெண்டு பேருக்கு உழைச்சு உழைச்சு முறுக்கேறிக் கெடக்குதுங்க. இனி அத்தனையும் உங்க ஒருத்தருக்கே. கோவம் வரும், ஆனா வெளிய வராதுங்க."

மதுவந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். இதைவிட வேறென்ன வரம் வேண்டும்?

பொறியை எடுத்த அன்று நிரஞ்சன் ஐந்து வருஷத்து அழுகையையும் அவள் மடியில் அழுதான். அவளும் அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளிலிருந்து தட்டு பறந்தது. மாவுக்கட்டு பிரித்ததும் கையும் பறந்தது. அவனை அடிக்க வேண்டியதில்லை, அப்படியே விட்டுவிடவும் கூடாது, கையைப் பிடித்து நிறுத்திக் 'கூடாது' என்று ஒரு சொல் அழுத்திச் சொன்னால் போதும், அப்படித்தான் அவனுடைய ஆறு வயது ஏழாகும் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வரும். அதற்குள் அவளுடைய அடக்கம் அதை அமுக்கிவிடும்.

அடிக்கிற நடுவே அவன் சில சமயம் நிறுத்தி, அவள் முகத்தில் எதையோ தேடுவான். ஒன்றும் கிடைக்காது. இன்னும் பலமாக அடிப்பான்.

ஒருநாள் பேருந்து வரத் தாமதமானதற்காக நிறுத்தத்தில் எல்லோர் முன்னாலும் அவளை எட்டி எட்டி உதைத்தான். பக்கத்தில் நான்கு வயதுப் பையனோடு நின்றிருந்த ஓர் இளம்பெண் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் அவள் துப்பட்டாவைப் பிடித்துத் தொங்கினான். அவள் கண் மதுவந்தியின் காதுக்குப் பின்னாலிருந்த பகிர்வித் தழும்பில் நின்றது.

"எப்படிங்க்கா இவ்ளோ பொறுமையா இருக்கீங்க? என்னால ஒரு நிமிசம் முடியாதுங்க. பகிர்வி போட்டா பொறுமை வருமாமே? இவனுக்கும் ஸ்கூல்ல கேக்கறாங்க. நீங்க எங்க போட்டீங்க?"

பொருத்தாதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்விடு என்று மதுவந்தியின் அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது. நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு வந்தது. அங்கே நின்றது. அடுத்த உதை முழங்காலில் விழுந்தது.

மதுவந்தி சிரித்த முகத்தோடு கையை நீட்டிக் காட்டினாள்.

"நேராப் போய் சிக்னல்ல இடது பக்கம் திரும்புங்க. மத்தியானம் போனீங்கன்னா கூட்டம் இருக்காதுங்க."